கேப்பிட்டல், ஸ்மால் வித்தியாசம் பார்க்காமல் இரண்டு பட்டியல்களை ஒப்பிடுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்டவர் குலசேகரம் பக்கம் ரப்பர் நர்சரி வைத்திருக்கும் வீட்டுத் தம்பி. கையில் இரண்டு பட்டியல். ஒன்று நர்சரியில் நிற்கும் கன்றுகளின் குளோன் (ரப்பர் ரகம்) பெயர்கள், அப்பா எக்செலில் முழுக்கக் கேப்பிட்டல் எழுத்தில் அடித்து வைத்தது. இன்னொன்று வாட்ஸாப்பில் வந்த ஆர்டர்கள், ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதியது. பைத்தானில் இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிட்டால் எப்போதும் 'சமமில்லை' என்றே வருகிறது. பட்டியலுக்குப் பின்னால் டாட் லோயர் போட்டால் எர்ரர். "ஏன் அண்ணே இப்படி, சரியான வழி எது?" என்கிறார்.

எர்ரரை முதலில் முடித்துவிடலாம். லோயர் என்பது, அதாவது ஸ்மால் எழுத்தாக்குவது, ஸ்ட்ரிங்குக்கு (எழுத்துச் சரத்துக்கு) உரிய வேலை, பட்டியலுக்கு உரியது அல்ல. பட்டியலிடம் போய்க் கேட்டால் 'என்னிடம் அப்படி ஒன்று இல்லை' என்று அட்ரிபியூட் எர்ரர் வரும். பட்டியலுக்குள் இருக்கும் ஒவ்வொரு ஸ்ட்ரிங்காக எடுத்து லோயர் செய்து புதுப் பட்டியல் ஒன்று கட்ட வேண்டும். லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் தெரிந்திருந்தால் ஒரே வரி.

கம்ப்யூட்டர் ஏன் இரண்டையும் வேறாகப் பார்க்கிறது என்றால், அதற்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஆஸ்கி அட்டவணையில் கேப்பிட்டல் ஏ 65, ஸ்மால் ஏ 97. பி முதல் இசட் வரை எல்லாவற்றுக்கும் இதே 32 வித்தியாசம். நமக்கு ஒரே பெயர், அதற்கு வேறு வேறு எண்வரிசை.

சரி, இரண்டு பட்டியலையும் ஸ்மால் எழுத்தாக்கிவிட்டீர்கள். இனிமேல்தான் உண்மையான கேள்வி: இரண்டு பட்டியலும் 'ஒன்று' என்று எதைச் சொல்கிறீர்கள்? வரிசை மாறினாலும் ஒன்றுதானா? ஒரே பெயர் ஒன்றில் மூன்று தடவையும் மற்றதில் ஒரு தடவையும் இருந்தால்? இதைத் தீர்மானிக்காமல் நிரல் எழுத உட்கார்ந்தால் விடை வரும், ஆனால் எந்தக் கேள்விக்கான விடை என்று தெரியாது.

வரிசையும் முக்கியம் என்றால், இரண்டையும் ஸ்மால் ஆக்கி நேராகச் சமக்குறி போட்டால் போதும். சிலர் ஜிப் வைத்து ஜோடி ஜோடியாக ஒப்பிடுவார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. ஜிப், சின்னப் பட்டியல் தீர்ந்ததும் நின்றுவிடும். ஒன்றில் நாலு பெயர், மற்றதில் அதே நாலோடு இன்னும் பத்து என்றால், நாலையும் பார்த்துவிட்டு 'எல்லாம் சமம்' என்று சொல்லிவிடும். ஜிப் பயன்படுத்தியே தீருவேன் என்றால் முதலில் நீளத்தைப் பாருங்கள். பைத்தான் 3.10 முதல் ஜிப்புக்கு ஸ்ட்ரிக்ட் என்ற விருப்பமும் உண்டு, நீளம் மாறினால் எர்ரர் கொடுத்து நின்றுவிடும்.

வரிசை முக்கியமில்லை என்றால் இரண்டையும் அடுக்கி ஒப்பிடலாம். இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். சார்ட்டட் ஃபங்க்ஷனுக்கு கீ என்ற இடத்தில் லோயரைக் கொடுத்துவிட்டு, கேப்பிட்டல், ஸ்மால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பார்கள். தீரவில்லை. கீ அடுக்கும் வரிசையை மட்டும்தான் தீர்மானிக்கிறது. அடுக்கி வெளியே வரும் ஸ்ட்ரிங்குகள் பழைய கேப்பிட்டல் எழுத்தோடு அப்படியே இருக்கும், ஒப்பிட்டால் மறுபடியும் 'சமமில்லை'தான். முதலில் மாற்ற வேண்டும், பிறகு அடுக்க வேண்டும்.

உங்கள் வேலைக்கு இரண்டுமே தேவையில்லை என்று நினைக்கிறேன். உங்களுக்கு வேண்டியது 'ஆர்டரில் இருந்து நம்மிடம் இல்லாதது எது, நம்மிடம் இருந்து யாரும் கேட்காதது எது' என்பதுதானே? அதற்கு செட். ஆர்டர் செட்டிலிருந்து கையிருப்புச் செட்டைக் கழித்தால் இல்லாத குளோன்கள். திருப்பிக் கழித்தால் யாரும் கேட்காமல் நிற்பவை. ஆனால் செட் எண்ணிக்கையை விழுங்கிவிடும். மூன்று பேர் தனித்தனியாக ஆர்ஆர்ஐஐ 105 கேட்டிருந்தாலும் செட்டில் அது ஒரு பெயர்தான். எத்தனை பேர் கேட்டார்கள் என்பதும் வேண்டுமென்றால் கலெக்‌ஷன்ஸ் மாட்யூலில் உள்ள கவுண்டரை எடுங்கள். அது பெயருக்குப் பக்கத்தில் எண்ணிக்கையையும் வைத்துக்கொள்ளும். இரண்டு கவுண்டர்களைக் கழிக்கவும் செய்யலாம், மிச்சம் பூஜ்யத்துக்கு மேல் இருப்பது மட்டும் விடையில் நிற்கும்.

இதில் நான் கறாராக இருக்கும் ஒரு விஷயம்: அசல் ஸ்ட்ரிங்கை மாற்றி எழுதாதீர்கள். ஒப்பிடுவதற்கென்று ஒரு சாவியைத் தனியாகச் செய்துகொள்ளுங்கள், அசல் அப்படியே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஸ்மால் எழுத்தாக்கி எக்செலில் திரும்பச் சேமித்துவிட்டால், நாளைக்குப் பில் அடிக்கும்போது வாடிக்கையாளர் பெயர் முழுக்க ஸ்மால் எழுத்தில் வரும். அப்பா கேட்பார். டிக்‌ஷனரி ஒன்று போடுங்கள்: இடப்பக்கம் சாவி, வலப்பக்கம் அந்தச் சாவிக்கு வந்த அசல் வடிவங்களின் பட்டியல். வலப்பக்கம் ஒற்றை ஸ்ட்ரிங்காக வைத்தால் ஒரே சாவிக்கு இரண்டாவதாக வருவது முதலாவதை அழித்துவிடும், அதனால்தான் பட்டியல். ஒப்பிடுவது சாவிகளை வைத்து, காட்டுவது அசலை.

இப்படிச் சாவி செய்து செட்டில் போட்டுவிட்டால் வேகமும் தானாகவே வரும். ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப் போட்டு உள்ளே உட்கார்ந்து லோயர் செய்தால், 2,000 வரியும் 3,000 வரியும் உள்ள பட்டியல்களுக்கு 60 லட்சம் ஒப்பீடு. ஒவ்வொன்றிலும் இரண்டு லோயர் என்றால் ஒரு கோடியே 20 லட்சம் தடவை ஒரே வேலை. சாவி வழியில் மொத்தம் 5,000 தடவை மாற்றினால் முடிந்தது.

லோயரா, கேஸ்ஃபோல்டா? பைத்தான் 3.3 முதல் கேஸ்ஃபோல்டு இருக்கிறது. லோயர் என்பது 'ஸ்மால் எழுத்தில் எழுதிக் காட்டு' என்ற வேலை. கேஸ்ஃபோல்டு ஒப்பிடுவதற்கென்றே செய்தது. ஜெர்மன் மொழியில் பீட்டா மாதிரி தோற்றத்தில் ஒரு எழுத்து உண்டு, அதைக் கேப்பிட்டலில் எழுதும்போது இரண்டு எஸ் ஆக எழுதுவது வழக்கம். லோயர் அந்த எழுத்தைத் தொடாது. கேஸ்ஃபோல்டு அதை இரண்டு ஸ்மால் எஸ் ஆக்கிவிடும், அதனால் இரண்டு வடிவமும் பொருந்தும். குலசேகரத்தில் ஜெர்மன் எழுத்து எதற்கு என்று கேட்டால், வேண்டாம்தான். ஆனால் கேஸ்ஃபோல்டு போடுவதில் உங்களுக்குச் செலவு எதுவும் இல்லை, அதையே பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

துருக்கி மொழி விவகாரம் மட்டும் உங்கள் குளோன் பெயரையே தொடுகிறது. அந்த மொழியில் புள்ளி வைத்த ஐ ஒன்று, புள்ளி இல்லாத ஐ ஒன்று, இரண்டும் தனித்தனி எழுத்து. நாம் எழுதும் கேப்பிட்டல் ஐ-க்கு அங்கே ஸ்மால் எழுத்து, புள்ளி இல்லாத ஐ. ஆர்ஆர்ஐஐ என்ற பெயரில் ஐ இரண்டு தடவை வருகிறது பாருங்கள். ஜாவாவில் லோக்கேல் (மொழி, நாட்டு அமைப்பு) எதுவும் குறிப்பிடாமல் டு லோயர்கேஸ் போட்டு, அந்த நிரல் துருக்கி அமைப்புள்ள கம்ப்யூட்டரில் ஓடினால், ஸ்மால் எழுத்தில் ஆர்டர் வந்த 105 அப்பாவின் கேப்பிட்டல் பட்டியலில் கிடைக்கவே கிடைக்காது. அதனால் ஜாவாவில் லோக்கேல் ரூட் என்று சொல்லி மாற்றுவது நல்லது. பைத்தானின் லோயரும் கேஸ்ஃபோல்டும் கம்ப்யூட்டரின் லோக்கேலைப் பார்ப்பதில்லை, அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

அடுத்து, உங்கள் ஆர்டர் பட்டியலில் தலைவலி கேப்பிட்டல், ஸ்மால் மட்டும் இல்லை. அனுப்பிய மாதிரியில் ஒருவர் ஆர்ஆர்ஐஐ-க்கும் 105-க்கும் நடுவில் இடம் விட்டிருக்கிறார், ஒருவர் கோடு போட்டிருக்கிறார், ஒருவர் ஒட்டி எழுதியிருக்கிறார், பிபி 260 கேட்டவர் கடைசியில் ஒரு வெற்றிடம் சேர்த்திருக்கிறார். வெறும் 105 என்று அனுப்பியவரும் உண்டு. எக்செலிலிருந்து படிக்கும்போது அந்த 105 ஸ்ட்ரிங்காக வராது, எண்ணாக வரும். எண்ணுக்குக் கேஸ்ஃபோல்டு கிடையாது, அங்கேயும் எர்ரர். காலியான செல்லும் அப்படித்தான். ஆகவே சாவி செய்யும் ஃபங்க்ஷன் முதலில் 'இது ஸ்ட்ரிங்தானா' என்று பார்க்கட்டும். எண்ணாக வந்ததைத் தனிப் பட்டியலில் ஒதுக்கி வைத்து நீங்களே பாருங்கள். வெறும் 105-ஐ ஆர்ஆர்ஐஐ என்று நிரலே முடிவு செய்ய வேண்டாம்.

இடத்தையும் கோட்டையும் எடுக்க ஸ்ட்ரிப் மட்டும் போதாது, அது இரண்டு ஓரங்களை மட்டும்தான் சுத்தம் செய்யும். குளோன் பெயருக்கு நடுவில் உள்ள வெற்றிடம், கோடு, முற்றுப்புள்ளி மூன்றையும் பெயர் சொல்லி நீக்குங்கள். சாய்கோட்டை விட்டுவிடுங்கள். பிபி 28/59 என்று ஒரு குளோன் இருக்கிறது, அதில் சாய்கோடு பெயரின் பகுதி. இன்னொன்று, வாட்ஸாப்பிலிருந்தோ வலைப்பக்கத்திலிருந்தோ காப்பி செய்த வரிகளில் கண்ணுக்குத் தெரியாத, அகலமே இல்லாத இடைவெளிக் குறிகள் ஒட்டிக்கொண்டு வரும். ஸ்ட்ரிப் அவற்றை வெற்றிடமாகவே எண்ணாது. அவற்றையும் பெயர் சொல்லித்தான் நீக்க வேண்டும்.

இங்கே 'எழுத்தும் எண்ணும் தவிர மற்ற எல்லாவற்றையும் தூக்கிவிடு' என்று ஒரு சுருக்கு வழி பல இடங்களில் சொல்லித்தருகிறார்கள். ஈஸ்அல்நம் போட்டு வடிகட்டுவது. இங்கிலீஷ் குளோன் பெயருக்கு ஓரளவு சரி. அதே ஃபங்க்ஷனை வாடிக்கையாளர் பெயர் நெடுவரிசைக்கும் போட்டீர்களானால் தீர்ந்தது கதை. யூனிகோடில் தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் 'எழுத்து' என்ற வகையில் இல்லை, ஒட்டுக்குறி என்ற வகையில் இருக்கின்றன. பைத்தானின் ஈஸ்அல்நம் அவற்றுக்கு 'இல்லை' என்று சொல்லும். குலசேகரம் என்ற பெயர் 'கலசகரம' ஆகிவிடும். அதைவிட மோசம், மேரி என்ற பெயரிலும் மாரி என்ற பெயரிலும் குறிகள் போய்விட்டால் இரண்டுமே 'மர'. நம் ஊரில் இந்த இரண்டு பெயரும் ஒரே நோட்டில் இல்லாத கடை எது? மேரி அக்காவின் ஆர்டர் மாரி அண்ணன் கணக்கில் ஏறும், எர்ரர் செய்தி ஒன்றும் வராது. ரெகுலர் எக்ஸ்பிரஷனில் பின்சாய்கோடு டபிள்யூ போட்டாலும் பைத்தானில் இதே கதிதான்.

தமிழுக்குக் கேப்பிட்டல், ஸ்மால் கிடையாது, கேஸ்ஃபோல்டு தமிழ் எழுத்தைத் தொடாது. அதனால் தமிழ்ப் பெயர்களை ஒப்பிடுவது சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே வேறு ஒரு இரட்டை இருக்கிறது. கோட்டார் என்ற பெயரை எடுங்கள். அதில் வரும் 'கோ'வின் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், இரட்டைச்சுழியும் காலும் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலத் தெரியும். நீளம் சொல்லும் லென் போட்டுப் பாருங்கள், ஒன்றுக்கு 8, மற்றதுக்கு 9 வரும். ஒப்பிட்டால் 'சமமில்லை'. யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் என்று இருக்கிறது, அதற்கு என்எஃப்சி என்று சொன்னால் பிரித்து வைத்ததை ஒன்று சேர்த்துவிடும். சாவி ஃபங்க்ஷனில் கேஸ்ஃபோல்டுக்குப் பக்கத்திலேயே இதையும் போடுங்கள்.

என்எஃப்சி தீர்க்காததும் உண்டு. கௌரி என்ற பெயரை நிறையப் பேர் ஒற்றைக்கொம்பு, க, ர-வுக்கு முன் ள என்று அடித்து 'கெளரி' ஆக்குகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தாலும் யூனிகோடுக்கு அவை வேறு வேறு எழுத்துகள், எந்த நார்மலைஸும் அதை ஒன்றாக்காது. சரி, ஒற்றைக்கொம்புக்குப் பிறகு ள வந்தால் எல்லாவற்றையும் ஔகாரக் குறியாக மாற்றிவிடலாமா? மாற்றினால் கெளுத்தி மீன் செத்துப்போகும். வெள்ளம், தெளிவு எல்லாம் சிதையும். ள-வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் விட்டுவிட வேண்டும் என்று நிபந்தனை போடலாம். ஆனால் நூறு இருநூறு பெயர் உள்ள பட்டியலுக்கு, கௌரி, கௌதம், சௌந்தர் என்று உங்கள் பட்டியலில் வரும் பெயர்களுக்கு மட்டும் ஒரு மாற்று அட்டவணை எழுதுவதே நல்லது. ஸ்ரீ-யும் இதே ரகம். அதை இரண்டு விதமாகக் குறியேற்றலாம், திரையில் ஒரே தோற்றம். அதையும் அந்த அட்டவணையிலேயே சேர்த்துவிடுங்கள்.

இதனால்தான் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனிச் சாவி ஃபங்க்ஷன் வேண்டும் என்கிறேன். குளோன் பெயருக்கு ஒன்று, ஆள் பெயருக்கு ஒன்று. கன்று ஏற்ற வரும் வண்டி நம்பரையும் எழுதி வைப்பீர்கள் என்றால் அதற்கும் ஒன்று. டிஎன் 74 நாகர்கோவில் வண்டியோ டிஎன் 75 மார்த்தாண்டம் வண்டியோ, நடுவில் உள்ள இடம், கோடு எல்லாவற்றையும் தயங்காமல் எடுத்துவிடலாம், அர்த்தம் மாறாது. ஆள் பெயரில் இடத்தை அப்படி எடுக்கக் கூடாது, இரண்டு மூன்று இடம் சேர்ந்து வந்தால் ஒன்றாக்கினால் போதும்.

பைத்தான் அல்லாத இடங்களைப் பற்றிச் சுருக்கமாக. சி ஷார்ப்பில் ஸ்ட்ரிங் கம்பேரர் ஆர்டினல் இக்னோர்கேஸ் என்பதை ஹேஷ்செட்டுக்கே கொடுத்துவிடலாம், தனியாக மாற்றவே வேண்டாம். எனக்குப் பிடித்த முறை அதுதான். ஜாவாவில் ட்ரீசெட்டுக்கு கேஸ் இன்சென்சிட்டிவ் ஆர்டர் கொடுக்கலாம், ஆனால் அதன் மேல் ரிமூவ் ஆல் போடும்போது கவனம். எந்தப் பக்கம் பெரியது என்பதைப் பொறுத்து அது தன் விதியைப் பயன்படுத்தும், அல்லது எதிர்ப்பக்கத்தின் விதியைப் பயன்படுத்தும். பட்டியலில் ஒரு பெயர் கூடினாலே விடை மாறலாம். ஜாவாஸ்கிரிப்டில் டு லோயர்கேஸ் செய்து செட்டில் போடுங்கள், போதும். டேட்டாபேஸ் என்றால், மைஎஸ்க்யூஎல் வழக்கமான அமைப்பில் கேப்பிட்டல், ஸ்மால் பார்க்காது, போஸ்ட்கிரஸ் பார்க்கும். எஸ்க்யூலைட்டில் நோகேஸ் என்று சொல்லலாம், ஆனால் அது இங்கிலீஷின் 26 எழுத்துக்கு மட்டும்தான்.

எக்செலை விட்டுவிட்டேனே. அங்கே சமக்குறி, விலுக்கப், மேட்ச், கவுண்ட்இஃப் எதுவுமே கேப்பிட்டல், ஸ்மால் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டுமென்றால்தான் எக்ஸாக்ட் என்ற ஃபார்முலா. எழுத்து வித்தியாசம் மட்டும்தான் உங்கள் பிரச்சினை என்றால் பைத்தான் வரைக்கும் வரவே தேவையில்லை, ஒரு கவுண்ட்இஃப் நெடுவரிசை போட்டு, பூஜ்யம் வரும் வரிகளைப் பார்த்தால் முடிந்தது. இடமும் கோடும் கலந்து கிடப்பதால்தான் பைத்தான் என்கிறேன். எக்செலின் ட்ரிம், வலைப்பக்கத்திலிருந்து காப்பியாகி வரும் பிரியாத வெற்றிடத்தை எடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எழுத்து வித்தியாசத்தைப் பார்த்தே ஆக வேண்டிய இடங்களும் உண்டு: பாஸ்வேர்டு, லினக்ஸ் சர்வரில் உள்ள ஃபைல் பெயர்கள், பேஸ் 64 மாதிரி குறியேற்றிய சரங்கள். நர்சரிப் படங்களை விண்டோஸில் வைத்திருக்கும்போது ஜேபிஜி கேப்பிட்டலில் இருந்தாலும் ஸ்மாலில் இருந்தாலும் திறக்கும். அதே படத்தை லினக்ஸ் சர்வரில் ஏற்றினால், எழுத்து மாறியிருந்தால் திறக்காது.

கடைசியாக, எழுத்துப்பிழை. தக்கலையை இங்கிலீஷில் எழுதும்போது கடைசியில் ஒய் போடுபவரும் உண்டு, ஐ போடுபவரும் உண்டு. குளச்சலுக்கு சி-யும் உண்டு, கே-யும் உண்டு. திருவட்டாருக்கு முதல் டி-க்குப் பின்னால் ஹெச் போடுவதும் போடாமல் விடுவதும் உண்டு. கேஸ்ஃபோல்டு இதையெல்லாம் தீர்க்காது. டிஃப்லிப் என்ற மாட்யூலில் கெட் குளோஸ் மேட்சஸ் என்று ஒன்று இருக்கிறது, கிட்டத்தட்டப் பொருந்துவதைத் தேடிக் கொடுக்கும். ஊர்ப் பெயருக்கு அதைப் பயன்படுத்துங்கள், ஆனால் அது சொல்வதைப் பரிந்துரையாக மட்டும் எடுத்து, நீங்கள் ஒருமுறை பார்த்து மாற்று அட்டவணையில் ஏற்றுங்கள். குளோன் பெயர்ப் பக்கம் அதைக் கொண்டுபோகவே வேண்டாம். ஆர்ஆர்ஐஐ 414-ஐயும் ஆர்ஆர்ஐஐ 430-ஐயும் இடம் நீக்கி அதனிடம் கொடுத்தால், இங்கிலீஷில் ஏழு எழுத்தில் ஐந்து பொருந்துகிறது, ஒற்றுமை 0.71 வரும். அதன் வழக்கமான எல்லை 0.6. அதாவது 414 கேட்டவருக்கு 430-ஐ எடுத்து நீட்டும், கன்று தோட்டத்தில் நட்டு ஏழு வருஷம் கழித்துப் பால் வெட்டும்போதுதான் அவர் உங்களைத் தேடி வருவார். குளோன் சாவி பொருந்தவில்லை என்றால் அந்த வரியைத் தனியாக எடுத்து, ஆர்டர் கொடுத்தவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.